‘அந்த ஊர்ப் பசங்களா?’: முத்திரை குத்துவது பற்றி உங்கள் கேள்விகள்

‘ஊர், சாதி, தொழில் பார்த்து ஆளை எடைபோடுவது பற்றிக் கேளுங்கள்’ என்று போன வாரம் சொல்லியிருந்தேன். தொண்டி முதல் சாயல்குடி வரை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. சமூகவியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தேவிபட்டினம், அரசு ஊழியர்: ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்’ என்பது சினிமாவில் கேட்டுச் சிரிக்கிற வசனம். இதில் என்ன பாகுபாடு சார்?

சிரியுங்கள், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கே ‘தண்டனை இடம்’ என்று பேர் விழுந்துவிட்டதல்லவா? இங்கே மாற்றலாகி வருகிறவர்களில் பலர் பெட்டியைப் பிரிப்பதற்குள் அடுத்த மாறுதலுக்கு மனு போடுகிறார்கள். கணக்கு வாத்தியார் இடம் காலியாகவே கிடக்கிறது. பையன் கணக்கில் கோட்டை விடுகிறான். உடனே, ‘ராம்நாட்டுப் பசங்களுக்குப் படிப்பு ஏறாதுப்பா!’ முத்திரை தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே தயாரித்துக்கொள்வது இப்படித்தான்.

மத்திய அரசு 2018இல் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று திட்டம் போட்டபோது தமிழ்நாட்டில் இடம்பெற்றவை விருதுநகரும் நம் மாவட்டமும்தான். மழைக் குறைவும் தொழிற்சாலைகள் வராததும் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. ஆனால் மழை பெய்ய வைக்க முடியாது. வாத்தியாரை இருக்க வைக்க முடியும்.

பாம்பன், ஒரு தாய்: கடற்கரைப் பிள்ளைகள் என்றால் பின்பெஞ்சுதான் என்று என் மகன் வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். இதனால் படிப்பே கெடுமா, மனசு மட்டும்தான் வலிக்குமா?

படிப்பே கெடும் அம்மா. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். போட்டுமுடிக்கும் புதிருக்குத் தக்கபடி காசு. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது, மேல்சாதிப் பையனும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையனும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போட்டார்கள். பேர், அப்பா பேர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் படித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் போட்டது நன்றாகவே குறைந்துவிட்டது. புதிரும் அதே, மூளையும் அதே. ‘எப்படியும் நமக்கு நியாயம் கிடைக்காது’ என்று தோன்றிவிட்டால் பிள்ளை எதற்கு மெனக்கெடும்?

அமெரிக்காவிலும் 1995 முதல் இந்த மாதிரிச் சோதனைகள் நடந்திருக்கின்றன. பின்னால் திரும்பச் செய்து பார்த்தபோது சிலவற்றில் அந்த அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதனால் சோதனைகளை மட்டும் வைத்து நான் பேச மாட்டேன்.

உங்கள் பக்கத்து ராமேஸ்வரத்திலேயே கதை இருக்கிறது. அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது புதிதாக ஒரு ஆசிரியர் வந்தார். கோயில் குருக்கள் மகன் பக்கத்தில் தொப்பி போட்ட முஸ்லிம் பையன் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கலாமைப் பின்வரிசைக்கு அனுப்பினார். நண்பனின் அப்பா லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார், அவரும் திருந்தினார். இதைச் சொல்லும்போது எல்லோரும் கலாமைப் பார்ப்பார்கள், நான் சாஸ்திரியைப் பார்ப்பேன். அவர் சொன்னால் எடுபடும், அதனால் சொன்னார்.

நீங்கள் தனியாகப் போகாமல் நாலைந்து தாய்மாரோடு தலைமை ஆசிரியரிடம் போங்கள். யார் மேலும் புகார் சொல்ல வேண்டாம். ‘வாரா வாரம் வரிசை மாற்றி உட்கார வையுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். மறுக்கக் காரணம் கிடைக்காது.

சின்னப்பாலம், பாசி எடுக்கும் பெண்: நாங்களும் கடல்லதான் இறங்குறோம் ஐயா. மீனவர்னு பேச்செடுத்தா வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுறாங்க.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பதற்குப் பேர் ‘கூடமாட ஒத்தாசை’யா? மீனவர் என்றால் ஆண், படகு, வலை என்று மனசில் ஒரு படம். படிவமும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அச்சாகிறது. படிவத்தில் கட்டம் இல்லாதவருக்குக் கணக்கில் இடமில்லை, கணக்கில் இல்லாதவருக்கு உதவித்தொகையும் இல்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தபோது பிழைப்பில் அடி விழுந்தது உங்களுக்கும்தான்.

உங்கள் ஊரில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற வெளிநாட்டு அமைப்பின் விருது கிடைத்தது. வெளிநாட்டுக்காரன் கண்ணுக்குத் தெரிந்தது நம்ம ஆபீசுக்குத் தெரிய வேண்டாமா?

சாயல்குடி, கல்லூரி மாணவர்: ரேகைச் சட்டம் என்று தாத்தா சொல்லுவார். ஒரு சாதியையே குற்றவாளி என்று எப்படிச் சட்டம் போட்டார்கள்?

வெள்ளைக்காரன் 1871இல் வடக்கே கொண்டுவந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பேரைப் பதிந்து கைரேகை கொடுக்க வேண்டும். ராத்திரியானால் போலீஸ் கண்ணில் பட வேண்டும், பல ஊர்களில் ஸ்டேஷனிலேயே போய்ப் படுக்க வேண்டும். ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு. வெளியூருக்கு வேலைக்குப் போக முடியாதவன் எப்படிப் பிழைப்பான்? சீட்டில்லாமல் போய் மாட்டினால் அதுவே குற்றம், அதை வைத்தே ‘சொன்னோமே’ என்பார்கள். 1920இல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் செத்தார்கள். 1947இல் இங்கே சட்டம் போனது, 1952இல் நாடு முழுக்க. அந்த நினைப்பு சிறை விதிகளில் ஒட்டிக்கொண்டிருந்ததை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, சாதி பார்த்து வேலை பிரிக்கிற விதிகளை ரத்து செய்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் தம்பி. நேற்று முத்திரை வாங்கியவர், தனக்குக் கீழே என்று நினைக்கிறவர் மேல் அதையே குத்துவதும் இந்த மாவட்டத்தில் நடக்கிறது. இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

கீழக்கரை, வியாபாரி: ‘கீழக்கரையா? காசுக்காரங்க’ என்கிறார்கள். நல்ல பேர்தானே?

வெளிநாட்டுப் பணம் வராத வீட்டுப் பிள்ளை கல்வி உதவி கேட்டுப் போகும்போது அந்த நல்ல பேர் குறுக்கே நிற்கும். வேலை கேட்டுப் போனால் காசுக்காரர் என்ற பேரும் எடுபடாது, முஸ்லிம் பேர்தான் முன்னால் தெரியும். தோரட், அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியில், பேர் மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். முடிவு 2007இல் வெளிவந்தது. உயர்சாதி இந்துப் பேரோடு ஒப்பிட்டால், அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு தலித் பேருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பேருக்கு மூன்றில் ஒரு பங்கு.

மண்டபம், இலங்கைத் தமிழர் முகாம் இளைஞர்: 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பேர் மாற்றினார்கள். இனி ‘அகதி’ என்ற பார்வை மாறுமா?

பார்வை கொஞ்சம் மாறலாம். ஆனால் உங்களைத் தடுப்பது பார்வை மட்டுமில்லை, குடியுரிமை இல்லாதது. பட்டம் வாங்கியும் அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மனு போட முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சொல்லும் நாடுகளில் இலங்கை இல்லை. ஜனங்கள் மனசு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதற்குச் சட்டம்தான் மாற வேண்டும்.

ஏர்வாடி, கடைக்காரர்: ‘ஏர்வாடிக்கு அனுப்பிருவேன்’ என்று கிண்டலடிப்பதும் இந்தக் கணக்கில் வருமா?

வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று உங்கள் ஊரில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ‘பைத்தியம்னா கட்டித்தான் போடணும்’ என்ற நினைப்புதான் அந்தச் சங்கிலி. 2017 மனநலச் சட்டப்படி இப்போது யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. தர்காவிலேயே ‘தவா-துவா’ என்று வேண்டுதலோடு மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. கடைக்கு வந்து வழி கேட்கிற குடும்பத்துக்கு அதையும் சொல்லி அனுப்புங்கள்.