டெஸ்டில் 98%, தங்கை சைகை செய்தால் தப்பு

இந்திய சைகை மொழி எழுத்துகளை வீடியோவில் அடையாளம் கண்டு குரலாகச் சொல்ல, ஐந்து பேரின் வீடியோவில் பயிற்சி கொடுத்த உங்கள் மாடல் (கணினி நிரல்) டெஸ்டில் 98% சரியாகச் சொல்கிறது, தங்கை சைகை செய்தால் மட்டும் தப்பாகிறது என்று கேட்டிருந்தீர்கள். மாடலை மாற்ற வேண்டாம். டேட்டாவைப் பிரித்த விதத்தை மாற்றுங்கள். ஒரே வீடியோவின் ஃபிரேம்களை (தனித்தனிப் படங்களை) கலைத்து டிரெயின் (பயிற்சி), டெஸ்ட் (சோதனை) இரண்டுக்கும் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஏறக்குறைய ஒரே படம்தான். அதனால்தான் 98% வந்தது, உங்கள் தங்கையின் கையைக் கண்டதும் தடுமாறுகிறது.

சோதித்துப் பார்க்க, ஐந்து பேரில் ஒருவரை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு மற்ற நால்வரின் வீடியோவில் மட்டும் பயிற்சி கொடுங்கள். ஒதுக்கியவரிடம் சதவீதம் சட்டென்று விழுந்தால் காரணம் அதுதான்.

அப்புறம், மீடியாபைப் (படத்தில் கையின் மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் கூகுள் மென்பொருள்) ஒவ்வொரு கைக்கும் தரும் 21 புள்ளிகளை மாடலுக்கு அப்படியே கொடுக்காதீர்கள்.

1. எல்லாப் புள்ளிகளிலிருந்தும் மணிக்கட்டின் இடத்தை (புள்ளி எண் 0) கழியுங்கள்.
2. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் அடிமூட்டு (புள்ளி எண் 9) வரையுள்ள தூரத்தால் வகுங்கள். கை சிறிதோ பெரிதோ, அருகிலோ தள்ளியோ, எண்கள் பெரிதாக மாறாது.
3. இந்திய சைகை மொழியில் பெரும்பாலான ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு கைகளும் வேண்டும். தனித்தனியாகக் கழித்தால் கைகள் எங்கே தொடுகின்றன என்பது தொலைந்துவிடும். இரு மணிக்கட்டுகளுக்கு இடையிலான தூரத்தையும் திசையையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒன்று மட்டும்: இது எழுத்துகளுக்குத்தான் போதும். வாக்கியத்தில் புருவம் உயர்வதே கேள்வியாகிவிடும், கையை மட்டும் பார்க்கும் மாடல் அதைச் சாதாரண வாக்கியமாகப் பேசிவிடும். குரல் சேர்க்கும் முன் சைகை மொழி பேசும் காது கேளாதவர் ஒருவரிடம் அவசியம் காட்டுங்கள்.