முக்கோணங்களால் படம் வரையும் மகளைப் பற்றி

கிளிநொச்சியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உயர்தரப் பரீட்சை நெருங்கும் வேளையில் மகள் மாலை முழுவதும் மடிக்கணினியில் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டிருப்பதாகவும், இதனால் பிழைப்புக்கு வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முக்கோண ஓவியம் மட்டுமே தெரிந்தவருக்கு வேலை கிடைப்பது அரிது. ஆயினும் அதை அவர் செய்யும் விதத்தைப் பார்த்தால், வடிவமைப்புத் துறைக்குரிய கண் அவருக்கு வாய்த்திருக்கிறதா என்பதைப் பெருமளவு அறியலாம்.

நீங்கள் அனுப்பிய மீன்கொத்திப் படத்தில், கண்ணையும் அலகின் அடியையும் சுற்றிச் சிறு முக்கோணங்கள் நெருங்கியிருக்க, நெஞ்சுப் பகுதியை அகன்ற சில முக்கோணங்களே நிரப்புகின்றன. எங்கே நுணுக்கம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று அவர் தாமே தீர்மானித்திருக்கிறார். சிறகில் மட்டும் மென்பொருளிடம் வேலையை விட்டுவிட்டார் போலும். புள்ளிகளைக் கொடுத்தால் முக்கோணங்களைத் தானே பின்னித் தரும் வசதி இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் உண்டு. எந்த முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாகவும் செல்லும் வட்டத்துக்குள்ளும் வேறு புள்ளி விழக்கூடாது என்ற, ரஷ்யக் கணிதவியலாளர் போரிஸ் டெலோனே 1934 இல் வெளியிட்ட விதியே அதற்கு அடிப்படை. அந்த விதிக்கு இறகு எங்கே முடிகிறது என்பது தெரியாது. ஆகவே சிறகின் விளிம்பு நெடுகப் புள்ளிகளைக் கையால் வைத்து, அப்பகுதியை மீண்டும் செய்யச் சொல்லுங்கள்.

முக்கோணங்களுக்கிடையே மெல்லிய வெண்கோடுகளும் தெரிகின்றன. ஒவ்வொரு வடிவத்தின் ஓரத்தையும் மென்பொருள் தனித்தனியாக மழுப்புவதால், பின்னணியின் வெண்மை இடையில் கசிகிறது. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அதன் நிறத்திலேயே நுண்ணிய வெளிக்கோடு கொடுத்தால் இது மறையும்.

மென்பொருளுக்காகக் கடன்பட வேண்டாம். இங்க்ஸ்கேப் இலவசமானது, முப்பரிமாணத்தில் ஆர்வம் பிறந்தால் பிளெண்டரும் அவ்வாறே.

உயர்தரத்தைக் கைவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு உயர்தரப் பெறுபேற்றுடன் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். பாடத் தகைமைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் இப்போதே பார்த்துவையுங்கள். அது கைகூடாவிட்டால் தேசிய தொழில் தகைமை வழி இருக்கிறது. அதில் நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகர். தொழிலைச் செய்தே பழகியவர்கள் முன்கற்றலை மதிப்பிடும் முறையிலும் சான்றிதழ் பெறலாம் என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை.

வன்னியில் இத்துறையின் அன்றாட வருமானம் பெரும்பாலும் பதாகை, திருமண அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை ஆகியவற்றிலிருந்தே வருகிறது. ஆகவே மகள் தமிழ் எழுத்துகளை அழகாக அமைக்கப் பழக வேண்டும். ஒருங்குறியோடு (யூனிகோட்), பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவையும் கையாளத் தெரிந்திருந்தால், பழைய கோப்புகளை வைத்திருக்கும் அச்சகத்தார் விரும்பி அழைப்பார்கள்.

பாடசாலை விடுமுறையில் நம்பகமான அச்சகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று, அந்த மீன்கொத்தியை அச்சிட்டுப் பாருங்கள். திரையில் ஒளிரும் நீலம் நான்கு மைகளில் மங்கித்தான் வரும். அந்த வேறுபாட்டைக் கண்டதும் சலித்துப்போகிறாரா, நிறங்களைத் திருத்த உடனே உட்காருகிறாரா என்பதைக் கவனித்து எனக்கு எழுதுங்கள். எந்தப் பயிற்சிநெறிக்கு விண்ணப்பிப்பது என்பதை அதன் பின்னர் முடிவுசெய்யலாம்.