பாசிமணிக்காரர் மேல் விழும் பழி

கேள்வி: பாபநாசத்தில் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் செயின் காணாமல் போனால், பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்களின் பையைத்தான் முதலில் கொட்டிப் பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் ஜிப்சி என்று அழைக்கப்படும் ரோமா மக்களுக்கும் இதே கெட்ட பெயராம். அதிகம் பிடிபடுவதும் அவர்கள்தானே?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: சோதிக்கப்படுகிறவர்தான் பிடிபடுவார். சோதிக்காத பையில் கிடக்கும் செயின் எந்தக் கணக்கிலும் வராது. பிறகு அந்தக் கணக்கைக் காட்டியே மறுபடியும் அதே ஆட்களைச் சோதிப்பார்கள்.

ஐரோப்பாவில் இதற்கு அலுவலகமே வைத்திருந்தார்கள். 1899-இல் மியூனிக் காவல்துறை ரோமாக்களின் விவரம் திரட்டத் தனிப் பிரிவு தொடங்கியது. பிரான்சில் 1912-இல் வந்த சட்டப்படி நாடோடிகள் உடல் அளவு, கைரேகை கொண்ட அட்டையுடன்தான் நடமாட வேண்டும். அது 1969 வரை நீடித்தது. முடிந்துபோன கதை என்றும் சொல்ல முடியாது. சுவீடனின் தென்பகுதிக் காவல்துறை 4,000-க்கும் மேற்பட்ட ரோமாக்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தது 2013-இல் வெளியானது. அதில் சின்னக் குழந்தைகளும் உண்டு.

நமக்கும் இது புதிதல்ல. சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகக் கருதிக் கைரேகை வாங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. அதை நம் பெரியவர்கள் 'ரேகைச் சட்டம்' என்பார்கள். நெல்லைச் சீமை மறவர்களும் அதில் சிக்கினார்கள். இங்கே 1947-இல்தான் நீங்கியது. தாத்தா ரேகை வைத்த வீட்டிலிருந்தே இன்று பாசிமணிக்காரரை நோக்கி விரல் நீள்வதுதான் வேடிக்கை.

செயின் போனால் புகாரில் எடை, வடிவம், கடைசியாகக் கழுத்தில் பார்த்த நேரம், இடம் எழுதுங்கள். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். சாதியை ஊகித்து எழுத வேண்டாம். அக்கம்பக்கத்துக் கடை கேமராப் பதிவை உடனே கேளுங்கள். நாளானால் பழையது அழிந்து அதன்மேல் புதியது பதிவாகிவிடும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

கேள்வி: 'பிள்ளை பிடிக்கும் கும்பல்' என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு சுற்றுகிறதே?
– வாசகர், கடையநல்லூர்

பதில்: 2013-இல் கிரேக்கத்தில் ரோமா குடியிருப்பில் வெளுத்த நிறத்தில் ஒரு சிறுமி இருந்தாள். கடத்தல் என்று உலகமே பேசியது. டி.என்.ஏ. சோதனையில் பெற்றோர் பல்கேரிய ரோமாக்கள் என்று தெரிந்தது. 2018 மே மாதம் இதே மாதிரி வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். பிள்ளையின் நிறம் ஆதாரமல்ல. நிஜமாகவே சந்தேகம் என்றால் அவசர உதவி எண் 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். யாரையும் மறித்து வைத்துக் கூட்டம் சேர்க்காதீர்கள்.

கேள்வி: சந்தேகத்தில் நரிக்குறவப் பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால்?
– வாசகர், களக்காடு

பதில்: சாட்சி விசாரணைக்குப் பெண்ணை நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்தபின் கைது கூடாது. கைதானால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இலவச வழக்கறிஞருக்கு 15100-ஐ அழையுங்கள். நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டத்தால் நரிக்குறவர் இங்கே பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். எனவே, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் அவர்கள் மேல் வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். பழைய மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழே கையில் இருந்தால், கோட்டாட்சியரிடம் புதியதை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.