ஜப்பானிய பவுன்ஸ் டெம்ப்ளேட்: வில்லன் டாலர் குறிதான்

மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸின் பவுன்ஸ் டெம்ப்ளேட்டை (மெயில் போய்ச் சேராதபோது அனுப்பியவருக்குத் திரும்பும் அறிவிப்பின் மாதிரி) ஜப்பானிய மொழியில் எழுதி ஐஎஸ்ஓ-2022-ஜேபி என்ற ஜப்பானிய என்கோடிங்கில் சேமித்தால், ஏன் மாறிப் (வேரியபிள்) பெயர் சரியில்லை என்று லாக் புலம்புகிறது என்பது உங்கள் கேள்வி.

அந்த என்கோடிங்கை பைட் பைட்டாகப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். 1993-இல் ஆர்எஃப்சி 1468 என்ற இணையத் தர ஆவணமாக வந்த இது முழுக்க 7 பிட். ஜப்பானிய எழுத்துகளுக்கும் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய சாதாரண ஆஸ்கி பைட்டுகளையே பயன்படுத்துகிறது. ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்து வகையில் ஒவ்வொன்றின் முதல் பைட்டும் டாலர் குறிதான். 'நோ' என்ற எழுத்து டாலரும் ஆங்கில 'என்'னும். 'அ' என்பது டாலரும் இரட்டை மேற்கோளும். போதாததற்கு, ஜப்பானியத்துக்கு மாறும் எஸ்கேப் தொடரிலேயே ஒரு டாலர். டெம்ப்ளேட்டிலோ டாலருக்குப் பின்னால் வருவது மாறிப் பெயர். அப்புறம் அது குழம்பாமல் என்ன செய்யும்?

ஒவ்வொரு டாலரையும் இரட்டித்து எழுதினால் தப்பலாம். ஆனால் திருத்தும்போதெல்லாம் மறக்காமல் அதைச் செய்ய வேண்டும். வேண்டாத வேலை.

நான் யூடிஎஃப்-8 தான் வைத்திருக்கிறேன். அதில் ஜப்பானிய எழுத்தின் எந்த பைட்டும் ஆஸ்கி வரம்புக்குள் வராது, டாலர் தொல்லையே இல்லை. ஷிஃப்ட் ஜிஸ் என்ற இன்னொரு ஜப்பானிய என்கோடிங் பக்கம் போகவே வேண்டாம். அதில் 'ஸோ' என்ற கதகானாவின் இரண்டாவது பைட் பின்சாய்வுக்கோடு. அது வேறு புரோகிராம்களில் வேறு வம்பு.

ஃபைலை மாற்றினால் மட்டும் போதாது, டெம்ப்ளேட்டில் என்கோடிங்கைச் சொல்லும் சார்செட் வரியையும் யூடிஎஃப்-8 ஆக்குங்கள். இயல்பாக அங்கே இருப்பது யுஎஸ்-ஆஸ்கி.

சப்ஜெக்ட் தனிக் கதை. டெம்ப்ளேட்டின் ஹெடரில் ஆஸ்கி மட்டுமே இருக்கலாம், ஒரே வரியில் முடியவும் வேண்டும். எனவே ஆர்எஃப்சி 2047 முறைப்படி சப்ஜெக்டை பேஸ்64 ஆக்கி, அதாவது ஆஸ்கி எழுத்துகளாக மாற்றி ஒட்டுங்கள். இப்படி மாற்றிய ஒரு துண்டுக்கு (என்கோடட் வேர்டு) 75 எழுத்து வரம்பு. முன்னும் பின்னும் வரும் அடையாளக் குறிகளுக்கு 12 போனால் மிஞ்சும் 63-இல், 3 பைட்டுக்கு 4 எழுத்து வீதம், 45 பைட் அடங்கும். யூடிஎஃப்-8-இல் எழுத்துக்கு 3 பைட் வீதம் 15 ஜப்பானிய எழுத்துகள். சப்ஜெக்டை அதற்குள் சுருக்கிவிடுவதே நல்லது.

போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்கான்ஃப் கட்டளையை மைனஸ் பி போட்டு ஓட்டினால், மாறிகளுக்குப் பதில் அவற்றின் மதிப்புகள் வந்த டெம்ப்ளேட் தெரியும். அது சரியாகத் தெரிந்தாலும், இல்லாத முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பி, திரும்பி வந்ததன் சோர்ஸைத் திறந்து கன்டென்ட்-டைப் வரியைப் பாருங்கள்.