சண்டை நடக்கும் ஊரில் சுவர் ஓவியம்: டிராயிங் டீச்சரிடம் சில கேள்விகள்

நீலகிரி மலையில் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர்த் தகராறுகளுக்கு நடுவே சுவர் ஓவியம், தெருமுனை நாடகம், துணித் தையல் என்று இருபது வருடம் அலைந்திருக்கிறேன். கலையை வைத்து ஊர்ச் சண்டையைத் தணிக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

டீச்சர், எங்கள் ஊரில் இரண்டு தெருக்காரர்களுக்கும் மைதானம் யாருடையது என்று தகராறு. மூன்று வருடமாகப் பேச்சே இல்லை. சுவரில் ஒற்றுமை ஓவியம் ஒன்று வரையலாம் என்று இருக்கிறோம். என்ன வரையலாம்? (இளைஞர் மன்றம், கோத்தகிரி)

இப்போதைக்கு ஒன்றும் வரையாதீர்கள் தம்பி. நான் வாங்கிய சூட்டைச் சொல்கிறேன்.

பந்தலூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பு. மேல் லைனுக்கும், அதாவது மேல் வரிசை வீடுகளுக்கும், கீழ் லைனுக்கும் ஒரே குழாய். மேலே இருப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கீழே இருப்பவர்களுக்குக் கோபம். குடம் உடைந்து, கடைசியில் ஒருவர் மண்டையும் உடைந்தது. நான் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டே நாளில் குழாயடிச் சுவரில் படம் போட்டேன். கோத்த கைகள், பின்னால் மலை, நடுவில் குழாய், அதிலிருந்து அருவி மாதிரித் தண்ணீர். என் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் போனால், வரைந்த குழாய்க்குக் கீழே கரியால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: "தண்ணி எங்கே?"

நான் செய்த தப்பு அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அந்த லைன்களில் ஒருவரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. சண்டை போட்டவர்கள் ஒருவர்கூட பிரஷ்ஷைத் தொடவில்லை. உபதேசத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்திருந்தேன், அவ்வளவுதான்.

சரி, வரையக்கூடாது என்றால் எங்கிருந்துதான் தொடங்குவது?

தரையிலிருந்து. கோலப்பொடி வாங்குங்கள். இரண்டு தரப்பையும் தனித்தனியாக, வெவ்வேறு நாளில் கூப்பிட்டு, "உங்கள் ஊரைத் தரையில் வரைந்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். படிக்காதவர்கள்கூட வரைவார்கள். பெண்களுக்குப் பொடியைக் கையில் எடுத்துத்தான் பழக்கமாயிற்றே.

எது பெரிதாக வருகிறது, எதை விட்டுவிட்டார்கள் என்று கவனியுங்கள். குழாயடித் தோல்விக்கு அப்புறம் நான் அந்த லைன்களில் இதைத்தான் செய்தேன். மேல் லைன்காரர்கள் வரைந்ததில் கீழ் லைனே இல்லை. கீழ் லைன்காரர்கள் வரைந்ததில் குழாய் கோயிலைவிடப் பெரிது. அடுத்த முறை ஒருவர் படத்தை மற்றவருக்குக் காட்டினோம். சத்தம் வந்தது. ஆனால் "எங்க வீட்டையே காணோமே" என்று ஒரு பாட்டி சொன்னபோது எதிர்த்தரப்பில் ஒருவர் குனிந்து பொடியை எடுத்து அந்த வீட்டை வரைந்தார்.

கோலப்பொடியில் இன்னொரு வசதி உண்டு. சாயங்காலம் அழிந்துவிடும். அன்றைக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு ஒருவரும் மல்லுக்கு நிற்க முடியாது.

நாடகம் போட்டால் இன்னும் சூடாகிவிடாதா? எங்கள் ஊரில் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து உட்காருவார்கள். (கூடலூர்)

சூடாகும். அந்தச் சூட்டைப் பிடித்துக்கொள்ளும் வடிவம் வேண்டும். பிரேசிலில் அகுஸ்தோ போவால் என்ற நாடகக்காரர் இருந்தார், 2009ல் காலமானார். அவருடைய ஃபோரம் நாடகத்தில் பிரச்சினையை ஒரு முறை நடித்துக் காட்டுவார்கள், அது மோசமாகத்தான் முடியும். இரண்டாம் முறை நடிக்கும்போது பார்வையாளர் எவரும் "நிறுத்து" என்று சொல்லி, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் தானே ஏறி வேறு மாதிரி நடந்து பார்க்கலாம். மேற்கு வங்கக் கிராமங்களில் ஜன சம்ஸ்கிருதி என்ற குழு 1985ல் தொடங்கியது. அவர்கள் இந்த வடிவத்தில்தான் வருடக்கணக்காக வேலை செய்கிறார்கள்.

நல்ல வடிவம்தான். ஆனால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அதைவிட லாவணி சட்டென்று பிடிபடும். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. டேப் என்ற தோல்வாத்தியத்தை அடித்து விடிய விடியப் பாட்டிலேயே வாதாடுவார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து இங்கே வந்தவர்களுக்கு, மன்மதன் எரிந்த கதையை ஆடும் மலையகத்தின் காமன் கூத்து தெரியும். அதனால் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றாலே சிரித்துக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

நான் அதில் ஒரு மாற்றம் செய்தேன். பாதி இரவில் கட்சியை மாற்றிவிட வேண்டும். மேல் லைன்காரர் கீழ் லைனுக்காகப் பாட வேண்டும், அதுவும் ஜெயிக்கிற மாதிரி. எதிராளியின் நியாயத்துக்கு எதுகை தேட ஆரம்பித்தால் அவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். இரண்டு விதிகளை மட்டும் விடாதீர்கள். உண்மையான பெயர் எதுவும் பாட்டில் வரக்கூடாது. குடித்துவிட்டு வந்தவருக்கு மேடை கிடையாது.

கலையே சண்டைக்குக் காரணமானால்? (ஒரு ஹட்டியிலிருந்து; ஹட்டி என்றால் படகர் ஊர்)

நடந்திருக்கிறதே. இந்த மலையில் தோடர், கோத்தர், படகர், குறும்பர் எல்லாரும் ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த காலத்தில், படகர் வீட்டுச் சாவுக்கும் விழாவுக்கும் கோத்தர்கள் வந்து வாசிப்பார்கள். 1930களில் படகர்களிலேயே ஒரு சாரார் இனி அந்த இசை வேண்டாம் என்றார்கள், இன்னொரு சாரார் வேண்டும் என்றார்கள். வேண்டும், வேண்டாம் என்று ஊரே இரண்டாகிக் கைகலப்பு வரை போனது. அந்த வாசிப்புக்குள் யார் உயர்ந்தவர், யாருக்கு யார் கடமைப்பட்டவர் என்ற கணக்கும் இருந்தது. நீங்கள் எடுக்கும் பாட்டிலும் பறையிலும் அப்படி ஒரு கணக்கு இருக்கலாம். "பழைய கலையை மீட்கிறோம்" என்று கிளம்புமுன் அதை வாசித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று வாசிக்க விருப்பமா என்று கேளுங்கள். விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தையல் குழு வைத்திருக்கிறோம் அக்கா. பெண்கள் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. (குன்னூர்)

வாய் திறக்க வேண்டாம், தைக்கட்டும். கொலம்பியாவில் மம்புஹான் என்ற ஊர்மக்களை 2000ல் ஆயுதக் குழுவினர் ஒரே இரவில் விரட்டினார்கள். அந்தப் பெண்கள் பின்னால் துண்டுத் துணிகளை ஒட்டுத்தையல் போட்டு, அந்த இரவையே துணிப்படமாகத் தைத்தார்கள். கை வேலையில் இருக்கும்போது கண்ணைப் பார்க்காமலேயே பேசலாம், அழலாம். 2015ல் அந்த நாட்டின் தேசிய அமைதிப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. உங்களுக்குப் பழைய புடவையும் ஒரு பெரிய மேசையும் போதும். ஒன்று மட்டும்: தோடர் பூத்தையலைப் பார்த்துப் போடாதீர்கள். அது அவர்களுடையது, 2013ல் புவிசார் குறியீடும் வாங்கியது.

எனக்கு இருப்பது பிரிவு 17 நிலம். பட்டா இல்லை, கரண்டு இல்லை. படம் வரைந்தால் பட்டா வருமா? (பந்தலூர்)

வராது.

ஜன்மம் என்ற ஜமீன் மாதிரிப் பெருநிலங்களை ஒழிக்க வந்த 1969ன் ஜன்மம் ஒழிப்புச் சட்டம், அதன் 17ஆம் பிரிவு என்று அப்போதிருந்து இழுக்கும் சிக்கலை என் பிரஷ் தீர்க்காது. தீர்க்கும் என்று சொல்லி வருகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அதே போல, சாதி வன்கொடுமையோ அடிதடியோ நடந்த மறுநாள் "வாருங்கள், சேர்ந்து வரைவோம்" என்று என்னைக் கூப்பிட்டால் போக மாட்டேன். முதலில் புகார், சிகிச்சை, சட்டம். அடிபட்டவரை அடித்தவரோடு கைகோத்துப் படம் போடச் சொல்வது இரண்டாவது அடி.

யானை விஷயத்தில் இதெல்லாம் எடுபடுமா? யானையால் தோட்டத்தை இழந்தவனிடம் கலை பேசினால் அடிக்க வருவான்.

வரத்தான் செய்வான், நஷ்டஈடு தனியாகக் கிடைக்க வேண்டும். ஆனால் நம் கூடலூர்ப் பக்கமே ஒரு பாடம் இருக்கிறது. காட்டை மூடும் உண்ணிச்செடியை வெட்டி, அதன் குச்சிகளை வளைத்து, பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் நிஜ அளவில் யானைகள் செய்தார்கள். பொதுவாக ஒரு யானை என்றில்லாமல், இந்தப் பகுதியில் ஊருக்குள் வந்து போகும் யானைகளையே பார்த்துச் செய்தது. 2021ல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024ல் அமெரிக்காவுக்கும் நூறு யானைகள் போயின. லண்டன் போனது பெரிதில்லை. களையும் குறைகிறது, கூலியும் வருகிறது, யானையை ஆள் தெரிந்து பேசுகிறவர்கள் கையாலேயே வேலையும் நடக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

எந்த மாதம் வரையலாம், எந்தப் பெயிண்ட்?

கூடலூர், பந்தலூரில் ஜூன் வந்தால் சுவர் காயவே காயாது. ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் முடியுங்கள். கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து இடிக்கும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷன் பூசுங்கள். டிஸ்டெம்பர் ஒரு மழை தாங்காது. சுவர் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், 1959லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. பாறையில் வேண்டவே வேண்டாம்.

நடந்த சண்டையையே சுவரில் காட்டலாமா, இல்லை நல்லதை மட்டும் காட்டணுமா டீச்சர்?

காட்டலாம், முடிந்துவிட்ட மாதிரி காட்டாதீர்கள். வட அயர்லாந்தின் டெரி நகரில் 1971ல் குண்டடிபட்டு இறந்த 14 வயதுப் பெண்ணை ஒரு வீட்டுச் சுவரில் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். 1999ல் வரைந்தபோது பக்கத்தில் துப்பாக்கி முழுசாக இருந்தது, மேலே இருந்த பட்டாம்பூச்சிக்கு வண்ணம் இல்லை. அமைதி நிலைக்கும் என்ற நம்பிக்கை வந்த பின், 2006ல்தான் துப்பாக்கியை முறித்து வரைந்து, பட்டாம்பூச்சிக்கு வண்ணம் தீட்டினார்கள்.

இந்தக் கதையை அந்தக் குழாயடி ஆட்களிடம் சொன்னேன். என் பழைய படத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு, இரண்டு லைன்காரர்களும் சேர்ந்து புதிதாக வரைந்தார்கள். ஓரத்தில் யாருக்கு எந்தக் கிழமை என்று முறைப் பட்டியல், வரிசையாகக் குடங்கள், நடுவில் குழாய். தண்ணீரை மட்டும் வரையவில்லை. ஒரு கோடை இந்த முறைப்படி சண்டையில்லாமல் போகட்டும், அப்புறம் வரைந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். நீல பெயிண்ட் டப்பா என் வீட்டில்தான் இருக்கிறது.