வயிறு தள்ளும் சுவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் விஸ்பர்டெர்மினன் கிராமத்தில் நான்கு நாள் தங்கினேன். ஐரோப்பாவிலேயே உயரமான திராட்சைத் தோட்டம் என்றார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு கையகல நிலம்தான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நிறுவனத்திடம் கொடுத்தால் லாபம் வராதா? சில இடங்களில் மலைச்சரிவின் படித்தட்டுகளைத் தாங்கும் கல்சுவர் சரிந்து கிடந்தது. பணக்கார நாடுதானே, சிமெண்ட் பூசிவிட்டால் தொல்லை தீர்ந்தது அல்லவா?

கே., கோவை

அன்புள்ள கே.,

உயரப் போட்டியை விடுங்கள். இத்தாலிப் பக்கம் மோர்ஜேயிலும் திராட்சைக் கொடி 1,200 மீட்டர் வரை ஏறுகிறது. விஸ்பர்டெர்மினனில் 650-இல் தொடங்கி 1,150-இல் முடிகிறது.

நிலம் துண்டானது வாரிசுகளுக்குச் சமபங்கு பிரித்ததால். அந்தத் துண்டை மட்டும் நம்பி அங்கே குடும்பம் நடத்த முடியாது. பகலில் கீழே விஸ்ப் நகரின் லோன்ஸா ரசாயன ஆலையிலோ வேறெங்கோ வேலை, மாலையிலும் சனிக்கிழமையிலும் தோட்டம் என்று வாழ்பவர்கள் அவர்கள். பழம் ஊரின் கூட்டுறவான சாங்க்ட் யோடெர்ன் ஒயின் ஆலைக்குப் போகிறது. தன் கூலியைக் கணக்கில் எழுதாத ஆட்கள் இருப்பதால்தான் அந்தச் சரிவில் கொடி நிற்கிறது. நிறுவனம் முதல் நாளே கூலியை எழுதும். எழுதியதும் சரிவின் மேல் படித்தட்டுச் சுவர்களைத்தான் முதலில் கைகழுவும்.

சில நாட்களாக இந்தச் சுவர்களைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து 'சிமெண்ட் பூசிவிட்டால் தீர்ந்தது' என்று எழுதுகிறீர்கள். அவ்வளவு தூரம் போய், நான்கு நாள் நடந்து, சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையா? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருக்குமே. அது கொத்தனாரின் சோம்பல் இல்லை. மழைநீரும் பனி உருகிய நீரும் வெளியேற அவர் விட்ட வழி.

அந்த வழியை அடைத்தால் நீர் சுவருக்குப் பின்னால் தேங்குகிறது. ஊறிய மண்ணின் எடை கூடுகிறது, உறைபனியில் அந்த ஈரம் விரிந்து கல்லைத் தள்ளுகிறது. முகத்தில் பூசிய சிமெண்டோ வளைந்து கொடுக்காது. சாந்து இல்லாத சுவர் மெல்ல மெல்ல வயிறு தள்ளி முன்கூட்டியே ஆபத்தைச் சொல்லும். பூசிய சுவர் விறைப்பாக நின்று, ஒரு நாள் பாளமாக விழும்.

கட்டும் முறையைக் கேளுங்கள். கெட்டித் தரை வரும்வரை வானம் தோண்டி, அடித்தளத்தை மலைப்பக்கம் சற்றுச் சாய்க்க வேண்டும். பெரிய கற்கள் அடியில். ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லின் மேல் உட்கார வேண்டும், மூட்டு மேல் மூட்டு வரக் கூடாது. கல்லின் நீளம் சுவருக்குள் போக வேண்டும். பார்வைக்கு அழகு என்று நீளத்தை வெளியே காட்டிப் படுக்கவைத்தால் பிடிமானம் இருக்காது, முதலில் பிதுங்குவது அந்தக் கல்தான். ஒரு மீட்டர் உயரத்துக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மலைப்பக்கமாகச் சாய வேண்டும். முதுகுப்புறம் ஓரடி அகலத்துக்காவது சில்லுக்கல்லைக் கையால் செருக வேண்டும், கொட்டக் கூடாது. பெரும்பாலும் ஏமாற்று நடப்பது இங்கேதான். சல்லிக்குப் பதில் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள், வெளியே ஒன்றும் தெரியாது.

சரிந்ததைத் திருத்தவும் முறை உண்டு. ஓட்டையை மட்டும் அடைத்தால் நிற்காது. இரண்டு பக்கமும் ஆடாத கல் தென்படும்வரை பிரித்து, கற்களை அளவுவாரியாகத் தரையில் பரப்பி, மண்ணை வழித்த பிறகே அடுக்க வேண்டும். சாந்தில்லாத இந்தக் கல்கட்டை 2018-இல் சுவிட்சர்லாந்து உட்பட எட்டு நாடுகளுக்காக யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் கல்லடுக்காது, அதற்குப் பழகிய கை வேண்டும்.

மறுபடி போவீர்கள் என்று தெரியும், அந்த ஊர் உங்களைப் பிடித்துக்கொண்டுவிட்டது. போனால், விழுந்து கிடக்கும் கற்களைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை கல்லில் சிமெண்ட் ஒட்டியிருக்கிறது, முதுகில் சல்லி இருந்ததா மண் இருந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.