ராக்டால் பூனை உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா?

கேள்வி: சென்னையில் ஆறாவது மாடியில் குடியிருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது. மாமியாருக்கு ஆஸ்துமா உண்டு. வீட்டில் எல்லோரும் சைவம். ராக்டால் குட்டி ஒன்று வாங்க விரும்புகிறோம். அது கீறாது, அதற்கு வலியே தெரியாது, ஒவ்வாமையும் தராது என்கிறார் விற்பவர். இதை நம்பி வாங்கலாமா?

பதில்: விற்பவர் சொன்ன மூன்றில் முதலாவது ஓரளவு உண்மை, மற்ற இரண்டும் தவறு. ராக்டால் சாந்தமான பூனைதான். ஆனால் எதிர்ப்பைக் காட்டாத பூனையை வளர்ப்பவர்கள், அதற்கு என்ன வேண்டும், எது நோகிறது என்பதைத் தாங்களாகவே கவனித்து அறிய வேண்டியிருக்கும். நீங்கள் முடிவெடுக்குமுன் யோசிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இதில் அடங்கியிருக்கிறது.

வலி தெரியாது என்ற கதைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள ரிவர்சைடு நகரில், 1960களில் ஆன் பேக்கர் என்ற பெண்மணி, ஜோசஃபின் என்ற நீண்ட உரோமமுள்ள வெள்ளைப் பூனையின் குட்டிகளைக் கொண்டு இந்த இனத்தை உருவாக்கினார். தூக்கினால் உடலைத் தளர்த்தி, துணியால் தைத்த பொம்மையைப் போலக் கைகளில் தொங்கியதால் இந்தப் பெயரை வைத்தார். ஜோசஃபின் ஒருமுறை காரில் அடிபட்டுப் பிழைத்தது. அந்த விபத்துக்குப் பின் பிறந்த குட்டிகளுக்கே இந்தச் சாந்தம் வந்தது என்று பேக்கர் சொல்லிவந்தார். தாய்க்கு ஏற்பட்ட காயம் குட்டிகளுக்கு மரபாக இறங்காது. சாந்தமான பூனைகளைத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்ததால் வந்த குணம் இது. ராக்டாலின் நரம்புகள் மற்றப் பூனைகளின் நரம்புகளைப் போலவே வலியை உணர்கின்றன.

ஆகவே உங்கள் மகளுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது, தூக்கும் முறை. ஒரு கை முன்கால்களுக்குப் பின்னால் மார்பைத் தாங்க, மறு கை பின்பகுதியை முழுவதுமாக ஏந்த வேண்டும். அக்குளைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. வளர்ந்த ஆண் ராக்டால் ஏழு முதல் ஒன்பது கிலோ வரை இருக்கும். பெண் பூனை ஏறத்தாழ நாலரை முதல் ஏழு கிலோ. அந்தப் பாரத்தை ஏழு வயதுக் குழந்தையால் சரியாகத் தாங்க இயலாது என்பதால், குழந்தை தரையில் உட்கார்ந்திருக்க, பூனை தானாக மடியில் ஏறட்டும் என்பதையே வீட்டு வழக்கமாக்குங்கள். எல்லா ராக்டாலும் தூக்கியதும் தளர்ந்துவிடுவதில்லை. மடியில் உட்கார விரும்பாமல், ஒவ்வோர் அறைக்கும் பின்னாலேயே வந்து காலடியில் படுத்துக்கொள்ளும் ராக்டால்களும் பல உண்டு. அதுவும் அன்புதான் என்று குழந்தைக்குச் சொல்லிவையுங்கள். இப்படி மனிதரை ஒட்டியே இருக்கும் பூனையை நாள் முழுவதும் பூட்டிய வீட்டில் தனியே விடுவது நல்லதல்ல. பாட்டி பகலில் வீட்டில் இருப்பது இந்த வகையில் உதவும்.

ஆனால் அவருடைய ஆஸ்துமாவை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூனை ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் உரோமம் அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உள்ள ஒரு புரதம். பூனை உடலை நக்கும்போது அது உரோமத்தில் படிந்து, உலர்ந்து, தூசியோடு காற்றில் கலக்கிறது. இந்தப் புரதத்தைச் சுரக்காத பூனை இனம் எதுவும் இல்லை. முதலில் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அவர் அனுமதித்தால், பூனை வளர்க்கும் வீடொன்றில் வெவ்வேறு நாட்களில் சில மணி நேரம் அவரை இருக்கச் செய்து பாருங்கள். மூச்சிரைப்பு வருமானால் வேண்டாம் என்பதே என் தெளிவான ஆலோசனை. பழகிய பூனையை ஆறு மாதம் கழித்து வேறு வீட்டுக்கு அனுப்புவது குழந்தைக்கும் பூனைக்கும் பெரிய துன்பம்.

அடுத்தது இதயம். இதயத் தசை தடித்துப்போகும் எச்.சி.எம். என்ற நோய் இந்த இனத்தில் மரபாக வரக்கூடியது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்று 2007இல் ராக்டால்களில் கண்டறியப்பட்டது. கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுக்கும் மாதிரியைக் கொண்டே அதைச் சோதித்துவிடலாம். தாய், தந்தை இரண்டிலிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்ற குட்டிக்கு ஆபத்து மிக அதிகம். எனவே பெற்றோர் இரண்டின் சோதனை முடிவுகளையும் எழுத்தில் கேளுங்கள். முடிவு நல்லதாக இருந்தாலும் வேறு காரணங்களால் இந்த நோய் வரக்கூடும் என்பதால், வளர்ந்தபின் கால்நடை மருத்துவர் பரிந்துரைக்கும் இடைவெளியில் இதயத்துக்கு எக்கோ பரிசோதனை செய்ய வேண்டும். வீட்டில் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. பூனை அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மார்பு ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். முப்பதுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பூனை நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, திடீரெனப் பின்னங்கால்கள் செயலிழந்து கதறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆண் பூனை மணல் பெட்டியில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராமல் போவதும் அதே அளவு அவசரமானது.

உங்கள் வீட்டுச் சைவ உணவு பூனைக்குப் போதாது. பூனையின் உடல் இறைச்சியிலிருந்து மட்டுமே சில சத்துகளைப் பெறும்படி அமைந்தது. அவற்றுள் டாரின் குறைந்தால் கண்பார்வையும் இதயமும் பாதிக்கப்படும். தயிர்சாதத்திலும் பருப்பிலும் அது இல்லை. பால் பல வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். இறைச்சி சமைக்க விருப்பமில்லையென்றால், பூனைக்கான முழுமையான உணவு என்று அச்சிடப்பட்ட ஈர உணவையோ உலர் உணவையோ வாங்கிக் கொடுக்கலாம். அதையும் வீட்டுக்குள் அனுமதிக்க மனம் ஒப்பாத குடும்பம் பூனை வளர்க்காமலிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. வெங்காயமும் பூண்டும் அதற்கு நஞ்சு. காய்ச்சல் என்று எண்ணி யாரும் பாராசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது. ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கப் போதும்.

ஆறாவது மாடியில் பால்கனிக்கும் சன்னல்களுக்கும் உறுதியான வலை அடித்த பிறகே குட்டியைக் கொண்டுவாருங்கள். பூனை எப்படி விழுந்தாலும் பிழைக்கும் என்பது உண்மையல்ல. சித்திரை, வைகாசி வெயிலில் நிழலான அறை, மின்விசிறி, இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் ஆகியவை கட்டாயம். மின்தடை நீடிக்கும் மதியங்களுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். உரோமத்தில் அடிமயிர் குறைவு என்பதால் பாரசீகப் பூனை அளவுக்குச் சிக்கு விழாது. வாரம் இரண்டு மூன்று முறை, அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் மறக்காமல் சீவினால் போதும்.

வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ராக்டால் குட்டிகள் வெண்மையாகப் பிறக்கும். உடலின் குளிர்ச்சியான பகுதிகளான காது, முகம், கால், வால் ஆகியவற்றில் மட்டும் பிறகு நிறம் ஏறும். சில வகைகளில் பாதங்களும் முகத்தின் ஒரு பகுதியும் வெண்மையாகவே இருக்கும். இந்த நிறமி வெப்பத்துக்கு உட்பட்டது என்பதால், மருத்துவத்துக்காக மழித்த இடத்தில் சில சமயம் முன்பைவிடக் கருமையான உரோமம் முளைக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கண்கள் எப்போதும் நீலமாகவே இருக்கும். ஆனால் நீலக் கண்ணும் நீண்ட உரோமமும் ஹிமாலயன் பூனைக்கும் உண்டு. மூக்கு சப்பையாக உள்ளே அமுங்கியிருந்தால் அது ராக்டால் அல்ல. நிறம் முழுமை பெற இரண்டு மூன்று ஆண்டுகளும், உடல் முழு வளர்ச்சி அடைய நான்கு ஆண்டுகள் வரையும் ஆகும்.

பன்னிரண்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்பவரிடம் வாங்காதீர்கள். நேரில் சென்று தாய்ப் பூனையைப் பாருங்கள். அது மனிதரைக் கண்டு ஒளிகிறதா, அருகே வருகிறதா என்று கவனியுங்கள். வம்சாவளிச் சான்று, இதய மரபணுச் சோதனை முடிவு, தடுப்பூசி அட்டை ஆகிய மூன்றையும் காட்ட மறுப்பவரிடம் பேரம் பேசுவதில் பயனில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் பூனைக்கு அவசியம். பன்னிரண்டு வார அளவில் அதைப் போட வேண்டும் என்பதால், குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். கருத்தடை அறுவைச் சிகிச்சையை எப்போது செய்வது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். பொதுவாக ஐந்தாவது மாதத்தையொட்டிச் செய்வோம்; மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் இதயத்தையும் பார்த்துவிடும்படி சொல்லுங்கள்.